பாலத்துக்கு அங்கால

என் உயிர் மச்சான் நசீருக்கு,

"உயிர் மச்சான்" என்று எழுதிவிட்டு, இரண்டு நாள் இந்தத் தாளை மடித்து வைத்திருந்தேன். அந்தச் சொல்லை வெட்டிவிடலாமா என்றும் யோசித்தேன். இருபத்தாறு வருடம் உன்னை அப்படித்தான் கூப்பிட்டேன். கைக்கு வேறு சொல் வரவில்லை. கிடக்கட்டும். ஆனால் இது உன்னைப் புகழும் கடிதம் இல்லை. புகழ வேண்டியவர்கள் உன் ஊரிலும் நம் ஓட்டோ தரிப்பிடத்திலும் போதுமான அளவு புகழ்ந்துவிட்டார்கள்.

நீ எனக்காகப் பொத்தி வைத்திருந்த ஒன்றை முதலில் நானே, இதை வாசிக்கிற எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாலம் என்றால் பயம். ஓட்டோ ஓட்டிப் பிழைக்கிற, ஐம்பத்துநான்கு வயதான எனக்குப் பாலத்தின் மேல் வண்டி ஓட்ட ஏலாது.

ஏன் என்று சொல்லத் தெரியாது. "சண்டைக் காலத்துல என்னவும் கண்டியா?" என்று நீ ஒருமுறை கேட்டாய். அப்படி ஒன்றுமில்லை. ஆற்றில் விழுந்ததும் இல்லை. சின்ன வயதில் பஸ் பாலத்தில் ஏறினாலே சீற்றுக்குக் கீழே புகுந்துவிடுவேன். அம்மா சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வா. வளர்ந்த பிறகும் அது போகவில்லை. பாலத்தின் ஓரத்துக் கம்பிகள் வண்டியைத் தங்கள் பக்கம் இழுப்பதுபோல இருக்கும். ஹாண்டிலைப் பிடித்த விரல்கள் விறைத்துவிடும். காது அடைக்கும். தண்ணீருக்குப் பயமில்லை, கடலில் நீந்துவேன், எந்தப் படகிலும் ஏறுவேன். பாலம்தான்.

உன் ஊரான கிண்ணியாவுக்குப் பாதை என்கிற மிதவை ஓடிய காலத்தில் எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. வண்டியை அந்த மிதவையில் ஏற்றி, பக்கத்தில் நிற்பவர்களோடு கதைத்துக்கொண்டே அக்கரையில் இறங்குவேன். பிறகு பாலம் கட்டித் திறந்தார்கள். உன் ஊர் அதைப் பெருநாள் போலக் கொண்டாடியது. பாதையை நிறுத்திவிட்டார்கள். எல்லாருக்கும் கிட்டவாகிப்போன ஊர் எனக்கு மட்டும் தூரமானது.

வீராப்பாக நானும் ஒருநாள் ஏறினேன், ஞாபகம் இருக்கிறதா? பின்னால் ஒரு ரீச்சர் இருந்தா. பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டேன். ரீச்சர் "என்ன தம்பி, என்ன தம்பி?" என்கிறா, பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடிக்கின்றன, எனக்கு வாய் திறக்கவில்லை. எதிர்ப்பக்கமாக வந்த நீ இறங்கி ஓடி வந்தாய். ஒன்றுமே கேட்கவில்லை. என்னைத் தள்ளி இருத்திவிட்டு, என் வண்டியை நீயே அக்கரைக்கு ஓட்டிப்போனாய். ரீச்சருக்கு, "இவருக்குத் தலைசுத்து மிஸ், காலையில சாப்பிடல்ல," என்று சொன்னாய்.

அன்றைக்கு நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "மச்சான், ஒண்டுக்கும் யோசிக்காத. பாலத்துக்கு அங்கால போற ஹயர் ஓட்டம் எல்லாம் எனக்குத் தா. இங்கால உள்ளது ஒனக்கு. ஒருத்தனுக்கும் தெரியவராது." தெரியவரவில்லை. என் எஞ்சின் சூடாகும், தூர ஓட்டத்துக்குச் சரிவராது என்று தரிப்பிடத்தில் நீதான் கதை கட்டினாய். உன் மகளின் கலியாணத்துக்கு என்னை உன் வண்டியின் பின்சீற்றில் இருத்தி, தலையில் துவாயைப் போட்டு, பாலம் முடியும்வரை ஏதோ பகிடி சொல்லிக்கொண்டே கூட்டிப்போனவனும் நீதான். உன்னைப்போல ஒருவன் கிடைத்தானே என்று நான் கோயிலில் கும்பிட்டிருக்கிறேன், நசீர்.

அந்தப் பக்கத்துக் கதைகள் எல்லாம் உன் வழியாகத்தான் எனக்கு வந்தன. அங்கே யார் செத்தது, யார் கலியாணம் கட்டியது, எங்கே வெள்ளம், எல்லாமே. நீ சொன்னது எனக்குத் தெரியும். நீ சொல்லாதது எனக்கு இல்லை.

என் மகள் தர்சினியைப் பற்றி மற்றவர்களுக்காக எழுதுகிறேன். அவளுக்குப் பதினொரு வயதில் தாய் செத்துப்போய்விட்டா. பிறகு நானும் நீயுமாகத்தான் அவளை வளர்த்தோம். பள்ளிக்கூடம் நான் கொண்டுபோவேன், ரியூசனால் நீ கூட்டிவருவாய். உன்னை மாமா என்பாள். இருபது வயதில், பாலத்துக்கு அங்கால உள்ள கட்டைபறிச்சான் ஊர்ப் பொடியன் ஒருவனை விரும்புகிறேன் என்று வந்து நின்றாள். படிப்பை முடி, பிறகு பார்ப்போம் என்றேன். முடியாது என்றாள். கை நீட்டிவிட்டேன். படி தாண்டினால் திரும்பி வராதே என்றும் சொல்லிவிட்டேன். அது என் பிழை. அதை உன்மேல் போடமாட்டேன்.

நாலாம் நாள் காலையில் அலுமாரிக்குள் ஒரு துண்டுக் கடதாசி. "தேட வேண்டாம் அப்பா. நான் நல்லா இருப்பன்." சட்டைகூடப் போடாமல் தரிப்பிடத்துக்கு ஓடி வந்தேன். நீ என்னை உன் வண்டியில் ஏற்றினாய். பஸ் நிலையம், ரயில் நிலையம், நிலாவெளி றோட்டில் ஒவ்வொரு கடையாக. அவளுடைய படத்தை நீட்டி, "இந்தப் பிள்ளயக் கண்டயளா?" என்று ஆட்களைக் கேட்டது நீ. நான் அழுதபோது பிளேன்டீ வாங்கித் தந்து என் முதுகைத் தடவியது நீ. கட்டைபறிச்சானுக்குப் போய்ப் பார்ப்போம், கண்ணை மூடிக்கொண்டு வருகிறேன் என்றேன். "நான் போய்ப் பார்த்திட்டு வாறன். நீ ஏன் கஷ்டப்படுற," என்று என்னை இறக்கிவிட்டுப் போனாய். பின்னேரம் வந்து, "அங்க இல்ல மச்சான். வவுனியாப் பக்கம் போயிட்டாங்களாம்," என்றாய்.

வவுனியாவுக்கு எத்தனை தரம் போனேன்? முதல் தரம் போகும்போது உன் வீட்டிலிருந்து சோற்றுப் பார்சல் கொண்டுவந்து தந்தாய். பஸ் நிலையத்தில் இருந்து, போகிற வருகிற பெண்பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டு அதைச் சாப்பிட்டேன். அந்தப் பார்சலைக் கட்டியபோது உனக்கு என்ன தோன்றியது? இதை மட்டும் எனக்குச் சொல்ல உனக்கு வாய் இருந்தால்.

ஏழு வருடம் போனது.

உன் சேதி காலை பத்து மணிக்கு வந்தது. விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து கதிரையில் இருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார் என்றார்கள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நம் தரிப்பிடத்து யோகனைப் பிடித்து, "என்னைக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோ. பாலத்தில நிற்பாட்டாத," என்றேன். காரணமும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. நான் முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, உன் பேரைச் சொல்லிக்கொண்டே பாலம் தாண்டினேன். உனக்குத் தோள் கொடுக்க வேண்டும் என்ற ஒன்றுதான் மனதில்.

உன் வீட்டு வாசலில் ஆட்கள். உன் மனைவி சுபைதாவுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று குசினிப் பக்கமாகப் போனேன். பெண்களுக்கு நடுவில், தலையை மூடிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை உன் பேரைச் சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தது. மடியில் ஒரு சின்னப் பெண். அழுதுகொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். என் தர்சினி.

எழும்பி நின்றாள். சுகமா என்று கேட்கவில்லை. "அப்பா, பாலத்தால வந்தனீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

"ஏலும்தானே அப்பா. ஏன் முதலே வரேல்லை?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீ எப்ப பிள்ளை வவுனியாவால வந்தனீ?"

"வவுனியாவோ? நான் போன நாளில இருந்து கட்டைபறிச்சான்லதான் இருக்கிறன். மாமாதானே கொண்டுவந்து விட்டவர்."

"எந்த மாமா?"

அவள் உன்னைக் கிடத்தியிருந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அன்றைக்கு விடியும் முன்பே அவளை உன் வண்டியில் ஏற்றிப் பாலம் தாண்டியிருக்கிறாய். "அங்கால போயிட்டா ஒண்ட வாப்பா வரமாட்டார் மகள், பயப்படாத," என்று சொல்லியிருக்கிறாய். ஊருக்கே மறைத்த என் பயத்தை என் பிள்ளைக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாயா? அவளை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, அதே சீற்றில் என்னை ஏற்றித்தான் நிலாவெளி முழுக்கத் தேடினாய்.

அவள் பிள்ளை பெற்றபோது நீ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாய். மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறாய். அப்பாவிடம் வரட்டுமா என்று அவள் ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறாள். "ஒண்ட பேர எடுத்தாலே எழும்பிப் போறார் மகள். கொஞ்ச நாள் போகட்டும்," என்றாயாம்.

நசீர், நான் எப்போது எழும்பிப் போனேன்? அவள் போன மறு வருடமே, துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு வண்டிக்குள் இருந்தபோது உன்னிடம் என்ன சொன்னேன்? "அவள் வந்தால் ஒண்டும் கேட்கமாட்டன்டா. சோறு போடுவன்." நீ கப்பலைப் பார்த்துக்கொண்டு, "பாப்பம் மச்சான்," என்றாய். ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய்.

சுபைதாவுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. என் காலடியில் இருந்துகொண்டு அழுதா. "எத்தினயோ தரம் சொல்லுங்க எண்டு சொன்னன் குணம் நானா. சொன்னா குணம் என்னோட கதைக்கமாட்டான், அவன் இல்லாம நான் ஸ்டாண்டுல எப்பிடி நிக்கிறண்டு கேப்பாரு."

அவளைக் கொண்டுபோய் விட்டதை நான் மன்னிப்பேன். பஸ்ஸில் தனியாகப் போவதைவிட உன் வண்டியில் போனது நல்லது. ஆனால் என் தோழமை உனக்கு வேண்டும் என்பதற்காக என் பிள்ளையை என்னிடமிருந்து எடுத்து வைத்திருந்தாயே. அதை எந்தப் பேரில் சொல்வது? நான் வராததற்கு என் கோபமும் பாலமும்தான் காரணம் என்று அவளை நம்பவைத்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கட்டைபறிச்சானுக்குக் கிட்ட, மூதூர்ப் பக்கம் போகிற ஒரு மீன்பிடிப் படகில் ஏறி வந்திருக்கமாட்டேனா? கடல் என்றால் எனக்குப் பயமில்லை என்று உனக்கு மட்டும்தானே தெரியும்?

சந்தூக்குப் பெட்டியில் உன்னைத் தூக்கினார்கள். "குணம் அண்ணன், வாங்க, தோள் குடுங்க," என்று உன் மருமகன் கூப்பிட்டான். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. துக்கம் தாங்காமல் இருக்கிறார் என்று ஆட்கள் நினைத்தார்கள். யாரோ ஒரு கிளாஸ் தண்ணீர்கூடக் கொண்டுவந்து தந்தார்கள். நீ தெருமுனையால் திரும்பும்வரை நான் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதைய புதினங்களைக் கேள். தர்சினி இரண்டு கிழமைக்கு ஒருமுறை அன்புவழிபுரத்தில் என் வீட்டுக்கு வருகிறாள். மருமகன் மேசன் வேலை செய்கிறான். நல்ல பொடியன், என் வீட்டுக் கூரையில் ஓடு மாற்றித் தந்தான். பேத்திக்கு ஐந்து வயது. முதல் நாள் என்னைப் பார்த்து, "நீங்க ஆர்?" என்று கேட்டாள். நான்தான் உன் அம்மப்பா என்றேன். தலையை ஆட்டி, "இல்லை. அம்மப்பா செத்துப்போனார்," என்றாள். உன்னைத்தான் சொல்கிறாள்.

தர்சினி உன்னைப் பற்றி நல்லதுதான் கதைக்கிறாள். கேட்டுக்கொண்டிருப்பேன். பேசி முடியும் முன்பே எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவேன். நீ சொன்ன பொய்களில் இந்த ஒன்றை மட்டும் இப்போது நான் உண்மையாக்கிக்கொண்டிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை காலை, ஒருவருக்கும் சொல்லாமல் என் ஓட்டோவில் பாலத்துக்குப் போனேன். தனியாக. கொஞ்சத் தூரம் ஏறினேன். தண்ணீர் இரண்டு பக்கமும் தெரிந்ததும் விரல்கள் பழையபடி. நிறுத்திவிட்டேன். எதிர்ப்பக்கத்தில் வருகிற ஓட்டோக்களைப் பார்த்தேன். என்னை அறியாமல் உன் வண்டியைத்தான் தேடினேன், நசீர். அதுதான் எனக்கு வந்த ஆத்திரம். இவ்வளவுக்குப் பிறகும் உன்னைத் தேடினேன்.

மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டியோடு வந்த ஒருவர் நின்றார். "என்ன அண்ணன், பெற்றோல் முடிஞ்சா?" என்றார். என் வாயில் "ஓம்" வரப் பார்த்தது. விழுங்கிவிட்டேன். "இல்லை தம்பி. எனக்குப் பாலம் பயம். இப்ப ஓட்ட ஏலாது," என்றேன். அவர் சைக்கிளை ஓரமாக விட்டுவிட்டு, என்னோடு சேர்ந்து வண்டியைப் பின்னுக்குத் தள்ளிக் கரையில் விட்டார். "என்ட உம்மாவுக்கு லிஃப்ட் எண்டாப் பயம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அதைச் சொல்வது இவ்வளவு லேசு என்று உன்னோடு இருந்த காலத்தில் எனக்குத் தெரியவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் மறுபடியும் ஏறுவேன், மறுபடியும் திரும்புவேன், ஒருநாள் திரும்பாமல் வருவேன். என் வண்டியை நானே ஓட்டி வந்து உன்னை அடக்கிய மையவாடியில் நிற்பேன். மன்னிக்க வருகிறேன் என்று நினைக்காதே. உயிரோடு இருக்கும்போது உன்னோடு பிடிக்கவேண்டியிருந்த சண்டையை உன் தலைமாட்டில் நின்று பிடிப்பேன். அதைப் பிடித்து முடிக்கும்வரை உன்னை நான் வேறு ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
இழந்துவிடுவேனோ என்று நீ பயந்த, இன்னும் இழக்காத உன் மச்சான்,
குணம்