தேசிக்காயை நசிக்காத கார்

12.08.2006, சனி இரவு

கொழும்பில் கப்பலேறி ஹம்பேர்க்கில் கரையேறிய என் பழைய மொறிஸ் மைனர் காரை இன்று பாரவண்டி கராஜ் வாசலில் தூக்கி வைத்துவிட்டுப் போனது. கடாரம் வென்ற சோழன்கூட இவ்வளவு துருவோடு திரும்பியிருக்கமாட்டான்.

ஓடாத காரை ஏன் வாங்கினேன் என்று மனைவி மாதக்கணக்காக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் புது வாகனத்துக்குக் கண்ணூறு கழிக்கும் வழக்கம் தவறாமல் சக்கரங்களுக்கு முன்னால் தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, வைத்தாள்.

"இதை நசிக்காமல் உள்ள விடமாட்டன், சொல்லிப்போட்டன்."

பத்து யானைப் பலத்தோடு தள்ளினேன். இறுகிப்போன சக்கரம் அசையவில்லை, என் இடுப்புத்தான் அசைந்தது.

அவள் முகம் வாடியது. "சகுனம் சரியில்லை. திருப்பி அனுப்புங்கோ."

கடைசியில் ஜாக்கியால் காரைத் தூக்கி, தேசிக்காய்களைச் சக்கரத்தின் கீழே தள்ளி, இறக்கினேன். சளக்!

"கடவுளையே ஏமாத்துறியளே!" என்று சிரித்துவிட்டாள். சிரித்தபடியே, இந்த நாட்டுப் பழக்கத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினாள். எங்கள் ஊர்க் காரில் அது ஓட்டுபவரின் இருக்கை. ஸ்டியரிங் அவள் மடியை முட்டியது.

"இறங்கும், அது என்ர இடம்."

"ஏலாது. நீங்கள் தள்ளுங்கோ, நான் ஓட்டுறன்."

இடுப்பு கொல்கிறது. விடிந்ததும் சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் பிரேக்கைக் கழற்றவேண்டும். சாரதியைக் காக்கவைக்கக்கூடாது.