ஜன்னலுக்கு விட்டு வைத்த மடிப்பு

அம்மா,

என் கட்டிலுக்கு அடியிலிருந்து புதுத் துணி வாசனை வருகிறது. கஞ்சியும் இஸ்திரிச் சூடும் கலந்த வாசனை. அத்தை பிளாஸ்டிக் பையின் வாயை முறுக்கிக் கட்டித்தான் உள்ளே தள்ளினாள். அப்படியும் வருகிறது. நீயும் நானும் பூந்தமல்லியில் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தோமே, அந்தத் திரைச்சீலைகள் இன்று காலையில் வந்துவிட்டன.

நான் விளக்குப் போடவில்லை. தெருவிளக்கின் வெளிச்சம் நேராக என் தலையணை மேல் விழுகிறது. அது என் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றுதானே நீ திரைச்சீலை வாங்கக் கிளம்பினாய். இப்போது அந்த வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். கீழே பாயில் அத்தை படுத்திருக்கிறாள். அவள் புரளும்போதெல்லாம் பேனாவை நிறுத்திவிடுகிறேன். பார்த்தால் திட்டுவாள். "சும்மா சும்மா அம்மா அம்மான்னு கூப்புட்டுகினு இருக்காத. அவ போவணும். நீ கூப்புட்டா அவளுக்குக் கால் நகராது" என்று சொல்லியிருக்கிறாள். எழுதுவதும் கூப்பிடுவதில் சேருமா என்று எனக்குத் தெரியவில்லை. சத்தமில்லாமல்தான் எழுதுகிறேன். உனக்குக் கால் நகராமல் போனால் என்னை மன்னித்துக்கொள்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. உன்னை எடுத்த அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். மூன்றாவது பிளாக் அக்கா என் காதுபடவே, "பொண்ணு இன்னாடி இது, கல்லு மாதிரி குந்திகினு கீது" என்றாள். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்கும் இல்லையா? எனக்கு உடம்பு முழுவதும் அப்படி இருக்கிறது. சாப்பிடுகிறேன். பள்ளிக்கூடம் போகிறேன். பயம் மட்டும் தெரிகிறது. அது எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

கடைக்காரர்களே ஆளை அனுப்பி அளவெடுப்பார்கள் என்று அப்பா சொல்லியும் நீ கேட்கவில்லை. அவர்கள் வந்து அளக்கட்டும், அதற்கு முன்னால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றாய். உன் நூல் டப்பாவிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்தாய். என்னை நாற்காலி மேல் ஏற்றி, இரும்புத் தகடு வைத்த முனையை ஜன்னலுக்கு மேலே ராடு வரும் இடத்தில் பிடிக்கச் சொன்னாய். நீ தரையில் உட்கார்ந்துகொண்டாய். நான் கொஞ்சம் அசைந்தால்கூட உனக்குத் தெரிந்துவிடும். "நீ மேல கெட்டியா புடி. கீழ நான் பாத்துக்கறேன்" என்று ஒவ்வொரு ஜன்னலுக்கும் சொன்னாய்.

அப்பா ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தார். ஒரு கண்ணை மட்டும் திறந்து, "ஜன்னலுக்கு ஜாக்கெட் தெக்கப் போறியா?" என்றார்.

"ஆமா. மிச்சத் துணியில உனக்கு வாய்க்கு ஒரு உறை தெக்கச் சொல்றேன்" என்றாய்.

அப்பா சிரித்துக்கொண்டே போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். வீட்டில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகிறது.

பூந்தமல்லிக் கடையில் துணிச் சுருள்கள் நட்டமாக நின்றன, பிரேயருக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி. எனக்குக் கருநீலம்தான் வேண்டும் என்று பஸ்ஸிலேயே சொல்லியிருந்தேன். கடை பாய் நல்ல மனிதர், பேச்சு மட்டும் நிற்காது. கருநீலத்தில் சின்னச் சின்ன நட்சத்திரம் போட்ட துணியை மேசை மேல் விரித்து, "பாப்பா செலக்சன் சூப்பர் யக்கா. இப்ப இதான் நல்லா போவுது" என்றார். நீ துணியைக் கசக்கிப் பார்த்தாய். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தாய். "நீலம் வேணாம் பாய். வெயில் பட்டா வெளுத்துடும். அப்புறம் கோடு காட்டும்" என்றாய். என்ன கோடு என்று எனக்குப் புரியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

அதன் பிறகு நீ செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ போல் ஆகிறது. கடையில் இருந்த இரண்டு பேரைத் துணியை விரித்துப் பிடிக்கச் சொல்லி, நீ அதற்குப் பின்னால் போய் நின்றாய்.

"நான் தெரியறேனா பாரு."

"தெரியுறம்மா. கை காலெல்லாம் தெரியுது."

"அப்ப இது வேணாம். அடுத்தது எடுங்க பாய்."

அடுத்த துணியில் நிழலாகத் தெரிந்தாய். அதையும் வேண்டாம் என்றாய். பாய் தலையைச் சொறிந்துகொண்டு, "யக்கா, நீ ஸ்கிரீன் வாங்க வந்தியா, கண்ணாமூச்சி ஆட வந்தியா?" என்றார். கடைசியாகக் காய்ந்த வெற்றிலை நிறத்தில் ஒரு துணி வந்தது. கொஞ்சம் தடிமன். அதற்குப் பின்னால் போய்க் கேட்டாய்.

"இப்ப?"

"தெரியல."

"கொஞ்சம்கூட?"

"தெரியவே இல்லம்மா. வா வெளிய."

"அப்ப இதான்" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தாய்.

தைக்கிற விவரம் சொல்லும்போதுதான் நீ என் மானத்தை வாங்கினாய். கீழ் ஓரத்தில் எல்லாருக்கும் வைப்பது போல இல்லாமல், ஒரு சாண் துணியை உள்ளே மடித்து வைத்துத் தைக்கச் சொன்னாய். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. என் பள்ளிப் பாவாடை ஞாபகம் வந்துவிட்டது. ஆறாம் வகுப்பில் தைத்த பாவாடையில் இப்படித்தான் மடிப்பு விட்டாய். ஒவ்வொரு ஜூனிலும் கொஞ்சம் பிரித்து இறக்குவாய். பழைய மடிப்பு இருந்த இடம் வெளுக்காமல் கோடாகத் தெரியும். எட்டாம் வகுப்பில் கோடுகள் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டன. "இன்னாடி, உன் பாவாடையில ஆவடி ஸ்டேசன் தண்டவாளம் ஓடுது" என்று வகுப்பே சிரித்தது. இப்போது ஜன்னலுக்கும் அதே மடிப்பு.

"யக்கா, பொண்ணு வளரும், மடிப்பு வுடுவாங்க. ஜன்னல் இன்னா வளரப் போவுதா?" என்று பாய் சத்தமாகக் கேட்டார். துணி வாங்க வந்திருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. கடையை விட்டு வெளியே வந்து, எதிரே கரும்பு ஜூஸ் மெஷினைப் பார்த்தபடி நின்றுகொண்டேன். நீ அவருக்கு என்ன பதில் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸிலும் நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

துணி தைத்து வருவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக, ஆட்டோ வரைக்கும் நீயே நடந்துதான் வந்தாய். ஆட்டோவில் ஏறும்போது, "குக்கர்ல சோறு கீது, ரசம் சுட வெச்சிக்கோ" என்றாய். அதற்கு மேல் எழுத வரவில்லை.

இப்போது பயத்தைச் சொல்கிறேன். இந்தக் குவார்ட்டர்ஸ் உன் வேலைக்குக் கொடுத்த வீடு. நீ இல்லாததால் நாங்கள் காலி செய்ய வேண்டும். அப்பாவுக்கு அம்பத்தூர் கம்பெனியில் பாதி நாள் ராத்திரி ஷிப்ட். நான் தனியாக இருக்க முடியாது என்று அத்தை சொல்கிறாள். திருத்தணிப் பக்கம் அவளுக்குத் தெரிந்த ஒரு ஹாஸ்டல் இருக்கிறதாம். என்னை அங்கே சேர்த்துவிட்டு, அப்பா கம்பெனிக்குப் பக்கத்தில் ஆட்களோடு ஒரு ரூமில் தங்கிக்கொள்ளலாம் என்கிறாள். கட்டில், பீரோவையெல்லாம் அவள் வீட்டு மாடியில் போட்டு வைப்பாளாம். அத்தை கெட்டவள் இல்லை. எனக்குத் தலை பின்னிவிடுகிறாள். ஆனால் அவள் இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா தரையையே பார்க்கிறார். நீயும் போய், இந்த வீடும் போய், அப்பாவும் வேறு ஊரில் இருந்தால் நான் யாருடைய பெண் என்று எனக்கே மறந்துவிடும் போல இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் கதவைத் தட்டும் சத்தம். பாய் நின்றார். ஒரு தோளில் துணிப் பை, ஒரு கையில் டிரில்லிங் மெஷின். "அம்மாவக் கூப்புடு பாப்பா. போன் போட்டா எடுக்கவே மாட்றாங்க. இந்தப் பக்கம் ஒரு வேல, அப்டியே மாட்டிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். நான் கதவை முழுவதும் திறந்தேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். மாலை போட்ட உன் படம் தெரிந்திருக்க வேண்டும். மெஷினை மெதுவாகக் கீழே வைத்தார்.

அத்தை வந்துவிட்டாள். "எடுத்துகினு போங்க பாய். வருசம் திரும்பி தல திவசம் முடியற வரைக்கும் ஊட்ல புதுசா எதுவும் ஏறக்கூடாது. ஊட்டையே காலி பண்ணப் போறோம். எந்த ஜன்னலுக்கு மாட்டுறது?"

"எடுத்துகினு போறதுக்கு இன்னாம்மா. ஆனா இது அளவெடுத்துத் தெச்சது. வேற ஊட்டு ஜன்னலுக்கு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பையிலிருந்து ஒரு திரைச்சீலையை உருவி, கீழ் ஓரத்தை, அத்தைக்குப் பின்னால் வந்து நின்ற அப்பா பக்கமாகத் திருப்பிக் காட்டினார். "வரும். வேற ஊட்டுக்கும் வரும். அந்த யக்கா அப்டித்தான் தெக்கச் சொன்னாங்க. நான் கிண்டல்கூடப் பண்ணேன், ஜன்னல் வளரப் போவுதான்னு."

"அவ இன்னா சொன்னா?" என்று அப்பா கேட்டார். பல நாட்களுக்குப் பிறகு அவர் தானாகக் கேட்ட கேள்வி அது.

"'ஜன்னல் வளராது பாய், ஊடுதான் மாறும். இது குவார்ட்டர்ஸு, குட்டை ஜன்னல். நாங்க எங்க போனாலும் இந்த ஸ்கிரீன்தான் எம் பொண்ணு ஜன்னல்ல தொங்கணும். அவ காலேஜ் முடிக்கற வரைக்கும் வரணும். பிரிச்சா கோடு தெரியாத கலரா குடு'ன்னாங்க."

அப்பா கீழே உட்கார்ந்து அந்த மடிப்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். உள்ளே மடித்திருந்த துணியின் கனத்தைப் பார்ப்பவர் போல உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார்.

அத்தை குரலைத் தணித்து, "சரி தம்பி, வாங்கி வை. ஹாஸ்டல்ல மாட்டிக்கட்டும்" என்றாள்.

"ஹாஸ்டல்ல ஏதுக்கா இவளுக்குன்னு ஜன்னல்? எல்லாருக்கும் பொது ஜன்னல்தான்" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பாய் துணியை வைத்துவிட்டு, போகும்போது என் தலையில் ஒரு நிமிடம் கை வைத்தார். "எப்ப மாட்டணுமோ ஒரு போன் போடு பாப்பா. எந்த ஊடா இருந்தாலும் வரேன்" என்றார்.

அப்பா பொழுது சாய்ந்துதான் வந்தார். வந்ததும் உன் நூல் டப்பாவைத் திறந்தார். அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. டேப்பை எடுத்து, சுருட்டத் தெரியாமல் சுருட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பக்கத்துலயே சேக்காட்ல ஒரு ஊடு கீதாம். மாடி. ஊட்டுக்காரம்மா கீழயே இருக்காங்க. நாளைக்கு இவ ஸ்கூல் வுட்டதும் போய்ப் பாக்கணும்."

"நீ நைட் ஷிப்ட் போனா?" என்றாள் அத்தை.

"பகல் ஷிப்ட் கேக்கப் போறேங்கா. குடுக்கலன்னா வேற கம்பெனி பாக்கறேன். அம்பத்தூர்ல கம்பெனிக்கா பஞ்சம்?"

பிறகு என் பக்கம் திரும்பினார். என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

"டேப்ப ஒரு ஆளா புடிக்க முடியாது. நீ வரியா?"

"சரிப்பா" என்றேன்.

பகல் ஷிப்ட் கிடைக்குமா, அந்த வீட்டுக்காரம்மா எங்களுக்கு வீடு தருவார்களா, எனக்கு எதுவும் தெரியாது. பயம் போகவில்லை. அழுகையும் வரவில்லை. திரைச்சீலை ஒரு வருடம் பையிலேயே இருக்கப் போகிறது. அதுவரைக்கும் எந்த வீடாக இருந்தாலும் தெருவிளக்கு என் மேல் விழட்டும், பரவாயில்லை.

நாளைக்கு நாற்காலி இருக்காது. வீட்டுக்காரம்மாவிடம் ஒரு ஸ்டூல் கேட்க வேண்டும். அப்பாவுக்கு அளக்கத் தெரியாது, அவசரப்படுவார். முனையை ராடு வரும் இடத்தில் வைத்து, கட்டைவிரலால் அந்த இரும்புத் தகட்டை அழுத்த வேண்டும். நகம் வெளுக்கும் வரை அழுத்த வேண்டும். அது எனக்குத் தெரியும். நீ கீழே இருந்து பார்க்காவிட்டாலும் அசையாமல் பிடிப்பேன்.