சரக்கு ரயிலில் உபயம்

அன்பு மகன் விக்னேஷுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், நீயும் மருமகள் தமிழ்மதியும் அந்த டென்மார்க் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. இங்கே நல்ல மழை, ஆத்தூர் அணைக்குத் தண்ணீர் வருகிறதாம். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுதாகப் படி.

டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் செய்துவந்த சின்னச் சரக்கு ரயில் உனக்குத் தெரியும். 1974-இல் திண்டுக்கல்லில் நின்ற மீட்டர்கேஜ் வேகன்களைப் பழைய போட்டோக்களில் பார்த்து, கையளவு நீளத்தில் அப்படியே செய்தேன். வேகன் எண், வெறும் வேகனின் எடை, பொன்மலைப் பட்டறையில் கடைசியாகப் பழுதுபார்த்த தேதி எல்லாம் எள் அளவு எழுத்து, பூதக்கண்ணாடி வைத்து எழுதியவை. அதில் ஒரு வேகன் வேறு ரயில்வேயிலிருந்து நம் தெற்கு ரயில்வேக்கு வந்தது. பழைய எழுத்தை மறைக்க அந்த இடத்தில் மட்டும் சதுரமாகப் புதுப் பெயிண்ட் அடித்து அதன்மேல் எஸ்.ஆர். என்று எழுதியிருப்பார்கள், அடியில் பழைய எழுத்து லேசாகத் தெரியும். அந்தத் திட்டைச் சரியாகக் கொண்டுவர எத்தனை முறை அழித்து எழுதினேன் என்று அப்பாவைக் கேள். அந்த வேகன் எங்கிருந்து வந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

உன் சிநேகிதன் மதியழகன் கண்காட்சி வைக்கிறேன், பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள் என்று கேட்டான், நம்பிக் கொடுத்தேன். திறப்புக்கு முதல் நாள் மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தேன். எல்லா வேகனுக்கும் பளபளவென்று சிவப்புப் பெயிண்ட். கோயில் டியூப் லைட்டில் எழுதுவார்களே, அதே மாதிரி ஒவ்வொன்றிலும் மஞ்சள் ஸ்டிக்கரில் "உபயம்: மதியழகன் புரொமோட்டர்ஸ்". வேகன் எண் இருந்த இடத்தில் அவனுடைய செல்போன் நம்பர்! கேட்டால், "டீச்சரம்மா, பெயிண்ட் திட்டுத் திட்டா அசிங்கமா கெடந்துச்சு, பிள்ளைக பாத்தா என்ன நெனைக்கும்? புதுசாட்டம் ஆக்கிட்டேன்ல" என்று சிரிக்கிறான். எழுபத்து நாலாம் வருஷத்து வேகனில் செல்போன் நம்பர் ஏதப்பா என்றேன். "அதெல்லாம் யாரு பாக்கப் போறா, விடுங்க" என்றான். யாரும் பார்க்கமாட்டார்கள் என்றால் கண்காட்சி எதற்கு? நான் கரும்பலகையில் தமிழ்நாட்டு வரைபடம் வரைந்து, நத்தம் இருக்கிற இடத்தில் புவனேஸ்வரி என்று என் பெயரை எழுதினால் ஒத்துக்கொள்வார்களா? பிள்ளைகள் அதைத்தானே ஊர் என்று படிக்கும். அங்கேயே வேகன்களை எல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அப்பா பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுச் செவத்துலயும் உபயம்னு எழுதிக்கிறச் சொல்லு, வெள்ளையடிச்சுக் குடுத்துருவான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதைவிடக் கசந்தது நீ போனில் சொன்னது. "பேருதானம்மா, ஒட்டிட்டுப் போறான், கண்காட்சி முடியிற வரைக்கும் குடுத்துரு" என்றாய். வடமதுரைப் பக்கம் உனக்கு வீட்டுமனை பார்த்துக் கொடுப்பது அவன், அவன் மனம் கோணக்கூடாது என்று நினைக்கிறாய். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் உனக்குச் சலுகை கிடைப்பதற்காக ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் பொய்யைக் காட்டமாட்டேன். மனை வேண்டுமானால் நீ பேசி வாங்கு, அவன் கொடுக்கவில்லை என்றால் வேறு இடம் பார். அதற்குச் சீர்வரிசையாக என் ரயிலை அனுப்ப முடியாது. நேற்றிலிருந்து தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் பெயிண்டோடு சேர்ந்து என் எழுத்தும் வருகிறது. மறுபடி எழுதிக்கொள்கிறேன், கை இன்னும் நடுங்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், ரொட்டியிலேயே காலத்தை ஓட்டாதீர்கள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ எங்கள் ஆசீர்வாதம். ஒன்றை மறந்துவிடாதே: மதியழகனிடம் என் சார்பில் ஸாரி சொல்லாதே. ஏற்கெனவே சொல்லியிருந்தால், அம்மா அப்படிச் சொல்லவில்லை என்று அவனிடம் சொல்லிவிட்டு எனக்குப் போன் செய்.

இப்படிக்கு,
உன் அம்மா
புவனேஸ்வரி
திண்டுக்கல்