பாதி சாதா, பாதி உசத்தி

மார்ச் 3, செவ்வாய்

என் மகள் குட்டிக்கு மறுபடியும் இளைப்பு. டாக்டரிடம் போகிற வழியில், மேம்பாலத்து ஏற்றத்தில் கார் இழுக்கவில்லை. அழுத்த அழுத்த, டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கியதுபோல எஞ்சினில் ஒரு சத்தம். அப்புறம் ஒரு உதறல். பின்னால் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பின்சீட்டில் அவள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.

எப்படியோ ஏறிவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பஸ் டிப்போவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார். வண்டி விஷயத்தில் அவர் சொன்னதுதான் இந்த வீட்டில் சட்டம். "வண்டியில ஒண்ணுமில்லம்மா. மேட்டுல எப்படி மிதிக்கணும்னு ஒரு பழக்கம் வேணும். அத காலேஜ்ல சொல்லித் தர மாட்டாங்க."

இவர் சிரித்தார். நான் கட்டிக்கொண்டவர். சிரித்தார்.

மார்ச் 4

சாவி கொக்கியில் இல்லை. மாமாவின் சட்டைப்பையில். "கொஞ்ச நாளைக்கு நானே ஓட்டுறேம்மா."

குட்டிக்குத் திடீரென்று மூச்சு முட்டினால்? நான் போய், நின்று, கேட்டு, சாவி வாங்க வேண்டும். இருக்கட்டும். பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 7, சனி

சனிக்கிழமை பெட்ரோல் போட்டு வருவது எப்போதும் மாமாதான். வாசலில் நிறுத்தியதும் கூரையைப் பிடித்துக் காரை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். குட்டியும் ஓடிப்போய்க் கதவில் கை வைத்து ஆட்டுவாள். எத்தனையோ சனிக்கிழமை பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. இன்றுதான் இவரிடம் கேட்டேன்.

"அது பழைய ஸ்கூட்டர் பழக்கம். பெட்ரோலோட ஆயில் ஊத்தி ஆட்டிக் கலக்குவாரு."

சரி. காரில் எதைக் கலக்குகிறார்?

நேராகப் போய் மாமாவையே கேட்டேன். பெருமையாகச் சொன்னார். "பாதி சாதா, பாதி உசத்தி. எல்லாம் ஒரே லாரியில வர்றதுதாம்மா. பேர மாத்தி நம்ம தலையில கட்டுறான்."

பெட்ரோல் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் ஒட்டியிருக்கிறது: பெட்ரோலின் தர எண் 95க்குக் குறையாமல். அதாவது, உசத்தி மட்டும். கையேட்டையும் எடுத்து உட்கார்ந்தேன். டர்போ, காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிற எஞ்சின். தரம் குறைந்த பெட்ரோல் அந்த அமுக்கத்தையும் சூட்டையும் தாங்காமல், நேரம் வருமுன்னே வெடிக்கும். அதுதான் கோலிக்குண்டு. எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏற்றம், பாரம், ஏசி என்றால் இன்னும் மோசம்.

அப்படியென்றால் என் காலில் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை.

இவரிடம் காட்டினேன். படித்தார். "அப்பாகிட்ட சொல்லாத. மனசு கஷ்டப்படுவாரு."

என் மனசு?

மார்ச் 10

சொல்லப்போவதில்லை. மாமாவிடம் தனியாகச் சொன்னால் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். எனக்கு அது போதாது.

மார்ச் 12, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் டிப்போ நண்பர்களும் காரில் எங்காவது போய் வரப்போகிறார்களாம். கார் கொள்ளாத ஆட்கள், ஒவ்வொருவரும் ஒரு மூட்டை கனம்.

"மலைக்குப் போங்களேன் மாமா. காத்து நல்லாருக்கும்." டீயை நீட்டிக்கொண்டே சொன்னேன். என் குரல் எனக்கே தேனாக இருந்தது.

ஏதாவது ஆகிவிடுமோ என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். ஆகாது. இழுக்காது, அவ்வளவுதான். ஊர்ந்து ஏறும். ஊரட்டும்.

மார்ச் 14, சனி

இன்றும் ஆட்டினார். நல்லா ஆட்டுங்க மாமா.

ஆட்டி முடித்துவிட்டு, "நாளைக்குக் குட்டியையும் கூட்டிட்டுப் போறேன்" என்றார். சளி என்று பொய் சொன்னேன். அவள் மூக்கு பளிச்சென்று இருக்கிறது.

வயதானவர்களை அனுப்பலாம், என் பிள்ளையை மட்டும் அனுப்ப மாட்டேன். அப்படியென்றால் நான் எப்படிப்பட்டவள்? எப்படிப்பட்டவளாகவோ இருந்துவிட்டுப் போகிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

மத்தியானமே திரும்பிவிட்டார்கள். கடைசி வளைவில் மாமாவைத் தவிர எல்லாரும் இறங்கி நடந்திருக்கிறார்கள். ஹாலில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் கொண்டுபோனேன்.

அப்போது சொன்னார். என் காதுபட. "மருமக ஓட்டுன வண்டிப்பா. எஞ்சின அடிச்சு வச்சிருக்கா. நான் என்ன பண்ண?"

காலையிலிருந்து எனக்குள் இருந்த பயமெல்லாம் அந்த நொடியோடு போய்விட்டது. தட்டைக் கீழே வைத்தேன்.

"நேத்து சரியா ஆட்டலையோ மாமா? பாதியும் பாதியும் கலந்திருக்காது."

"என்னத்தம்மா ஆட்டுறது?" என்றார் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர், ஸ்பேனர் என்று கூப்பிடுவார்கள். சொன்னேன். ஒன்று விடாமல், மூடியில் ஒட்டியிருப்பது வரைக்கும். குட்டி வேறு, கேட்காமலே சோபாவைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள்.

ஸ்பேனர் என் மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்டா, டர்போ வண்டிக்கா கலந்த? டிப்போவுல இத்தன வருஷம் உன் பேச்சயாடா கேட்டோம்?" அப்புறம் சிரிப்பு அடங்கவே இல்லை. போகும்போது ஒருவர் வாசலில் நின்று, "வரட்டுமா ஆட்டுக்கல்லு" என்றார். இனி அதுதான் பேர்.

மாமா சிரிக்கவில்லை. பாவம் என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை.

மார்ச் 18

சாவி கொக்கியில் தொங்குகிறது. யார் மாட்டியது என்று யாரும் சொல்லவில்லை.

"இப்ப சந்தோஷமா?" என்றார் இவர்.

"இன்னும் இல்ல" என்றேன். உங்க கணக்கு தனி. அதைச் சொல்லவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

டேங்க் காலியாகும்வரை காத்திருந்து நேற்று 95 போட்டேன். முழுக்க.

மாமாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. யாரும் சொல்லாமலே பின்சீட்டில், குட்டிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

மேம்பாலம் வந்தது. ஏசியைக் கூட்டிவைத்து அழுத்தினேன். சத்தமே இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஏறியது. கண்ணாடியில் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இழுக்குதும்மா." யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"கேக்கல மாமா."

பிறகு, சத்தமாக: "நல்லா இழுக்குது."

இறங்கி, வளைத்துத் திருப்பி, மறுபடியும் ஏறினேன். குட்டி கைதட்டினாள். மாமா ஒன்றும் கேட்கவில்லை. வழி அவருக்குத் தெரியும்: கண் டாக்டரிடம் போக அந்தப் பாலத்தில் ஏறவே வேண்டியதில்லை.