என் வளவு விமான நிலையம்

மார்கழி 9, செவ்வாய்

ஆளில்லாமல் பறந்து வந்து நோயாளியைத் தூக்கிப்போகும் அம்புலன்ஸ் பற்றி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கை மகள் தாரணி ஆய்வு செய்கிறாள். அவள் என் வீட்டு வளவை அளந்துபோன மறுநாளே நான் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டேன். எங்கள் படுவான்கரையின் முதல் சர்வதேச விமான நிலையம், இனி லண்டன் போகிறவர்களும் இங்கேதான் ஏறவேண்டும் என்று ஊரெல்லாம் அளந்தேன்.

இன்று காலை என் மனைவி பூமணிக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. வீதியில் வெள்ளம். வாவியில் காற்று என்று, அக்கரைக்கு ஆளேற்றும் படகுப்பாதையையும் கட்டிப்போட்டார்கள். தாரணிக்குப் போன் எடுத்தேன்.

"மகள், உன்ட பறவைய அனுப்பு. மாமிக்கு ஏலாது."

"அது இன்னும் கடதாசியிலதான் மாமா இருக்கு," என்று அழுதாள். "செஞ்சிருந்தாலும் இந்தக் காத்துக்கு எழும்பாது."

பூமணி மூச்சுக்கு நடுவே கேட்டாள். "என்னவாம்? வருதாமா?"

ஒரே கூவலில் ஒன்பது யானையை விரட்டியதாகக் கதை விடுகிற நான், "ஓம், வருது" என்றேன். அவள் முற்றத்தையே பார்த்தபடி இரண்டு மணித்தியாலம் இழுத்தாள். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் காற்று தணிந்த பிறகுதான் அக்கரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள். நாளைக்குத்தான் எதுவும் சொல்லலாமாம். பெண்கள் வார்ட்டில் தங்கை நிற்கிறாள், என்னை விடவில்லை. கடைசிப் படகில் திரும்பினேன்.

வார்ட்டு வாசலில் பூமணி சொன்னது ஒன்றுதான். "அந்த வெள்ளை வட்டத்துக்க மாட்டைக் கட்டிடாதீங்க."

மாடு அதற்குள்தான் நின்றது. டோர்ச் அடித்துப் போய் அவிழ்த்து, வேலியோரம் கட்டிவிட்டு வந்தேன். மழையில் வட்டம் பாதி கரைந்திருக்கிறது. காற்று மறுபடி எழும்புகிறது.