பேஜாரின் இருமல்

கும்மிடிப்பூண்டி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி இளமதி எழுதுவது. நானும் அத்தையும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். ஒடிசாவில் நீங்களும் அப்படி இருக்க வேண்டும் என்று திருப்பாச்சூர் ஈஸ்வரனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே, வேலை இருக்கிறது, வை என்று கட் பண்ணிவிடுவீர்கள். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. லீவு முடிந்து, நீங்கள் இரும்பு உருக்கும் அதே ஃபர்னஸ் வேலைக்குத் திரும்பும் சாம்சன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். படிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

விஷயம் நம் பேஜாரைப் பற்றியது. கிளிக்கு இருமல் என்று சொன்னேன் அல்லவா? டாக்டரிடம் காட்டிவிட்டேன். அதற்கு ஒன்றும் இல்லையாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்த்தால் கேஸ் ஆகும் என்று தேடி அலைந்து, ரசீதோடு இந்த வெளிநாட்டுக் கிளியை வாங்கிப் பதிவும் செய்த மனிதர் நீங்கள். இறக்கையை வெட்டவும் விடவில்லை. அதே மாதிரிதான் நானும் நடக்கிறேன். காலையில் கொய்யா, வேகவைத்த சோளம், முருங்கைக் கீரை. வெறும் சூரியகாந்தி விதையைப் போட்டு ஏமாற்றுவதில்லை. சாயங்காலம் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் கூண்டைத் திறக்கிறேன். ஐயா நேராகப் போய் அத்தையின் கண்ணாடியைப் பிடுங்குவார். பொருத்தமாகத்தான் பேர் வைத்தீர்கள்!

நீங்கள் போன கொஞ்ச நாளில் அது இருமத் தொடங்கியது. வறட்டு இருமல், அப்புறம் ஒரு இழுப்பு, கடைசியில் 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். அதைக் கேட்டுத்தான் எனக்கு உயிரே போனது. மூச்சு வாங்குகிறது, செத்துவிடப் போகிறது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகைதான் காரணம் என்று நானே முடிவு கட்டி, வீட்டில் சாம்பிராணி போடக் கூடாது என்றேன். ஒரு கிளிக்காக சாமிக்குப் புகை காட்டாத வீடா என்று அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கொசுவத்தியையும் நிறுத்தினேன். கூண்டை அடுப்படிப் பக்கமிருந்து தள்ளி வைத்தேன். இருமல் மட்டும் நிற்கவே இல்லை.

கூண்டைத் துணியால் மூடிக்கொண்டு திருவள்ளூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே பறவைகளைப் பார்க்கும் நர்மதா என்ற டாக்டரம்மா இருக்கிறார். எடை பார்த்தார், மூக்கைப் பார்த்தார், நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். அந்த நேரம் பார்த்து பேஜார் ஒரு முழு இருமலை இருமிக் காட்டியது. டாக்டரம்மா சிரித்துவிட்டார். சாம்பிராணியை நிறுத்தியது நல்லதுதான், பறவைக்குப் புகை ஆகாது, ஆனால் இதற்கு நோய் இல்லை என்றார். தனக்குப் பிடித்த ஆளைக் காணவில்லை என்றால் கிளி அந்த ஆளின் சத்தத்தைப் போட்டுக் கூப்பிடுமாம். பிறகு கேட்டார்.

"இது நெசமா இருமல, இருமுற மாதிரி பேசுது. இருமிட்டு கொழாயத் தொறக்கிற சத்தமும் போடுது பாருங்க. உங்க ஊட்ல யாருக்கு இருமல்?"

யாருக்கும் இல்லை என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நம் வீட்டுக் குழாய் ஞாபகம் வந்தது மாமா. இங்கே வேலை பார்த்தபோது, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் பின்பக்கக் குழாயடியில் கூண்டோடுதான் உட்கார்ந்திருப்பீர்கள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று நான் உள்ளேயிருந்து கத்துவேன். நீங்கள் குழாயை மூடவே மாட்டீர்கள்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. கூண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கிளிய இன்னாத்துக்குடி தூக்கினு போன? உங்க மாமனாரும் இப்டித்தான் இருமினு இருந்தாரு. மொத நாளே எனுக்குத் தெரியும். வாயால சொல்றதுக்குப் பயந்துகினு இருந்தேன்."

அவரும் இதே சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கியவர்தானே. கடைசியில் எப்படிக் கிடந்தார் என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. மேலே எழுதினது பொய். நானும் சாப்பிடவில்லை.

பேஜார் விடிந்ததும் உங்களைக் கூப்பிட ஆரம்பித்துவிடுகிறது. அதன் வாயை மூட என்னால் முடியாது, அதற்கு மனசும் வரவில்லை.

உங்களைத் திட்ட இதை எழுதவில்லை. சாம்சன் அண்ணனோடு போய் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள், இங்கே பார்க்கலாம். எதுவாக இருந்தாலும் சேர்ந்து பார்க்கலாம். கையெடுத்துக் கும்பிடுகிறேன். இனிமேல் இருமல் வந்தால் குழாயைத் திறக்காதீர்கள் மாமா. எனக்குக் கேட்கிற மாதிரி இருமுங்கள்.

உங்கள்
இளமதி