“ஏங்க” பட்டனை மாற்றியது

பாலகுமாருக்கு,

உன் அக்கா ஸ்ரீமதியைக் கூட்டிவரக் கடலூர் போகிறேன். குண்டானில் கஞ்சி இருக்கிறது, அம்மாவுக்கு ஆற்றிக் கொடு. இன்றைக்குக் கடை திறக்காதே. அவளைத் தனியாக விடாதே.

நேற்று அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள். நீ வருவதற்குள் தூங்கிப்போனாள். ஆபரேஷனில் தொண்டை போனவளுக்கு அந்தப் பேசுகிற பெட்டிதான் வாய். அது கழுத்தில்தான் தொங்கியது. என்னைக் கூப்பிடுகிற பட்டனை அவள் அமுக்கவே இல்லை. வாளியைத் தட்டிக்கொண்டே கிடந்திருக்கிறாள்.

பெட்டியில் எரிந்துபோன சிப்புக்கு மாற்று எங்கேயும் கிடைக்கவில்லை என்று பழைய மைக்ரோகன்ட்ரோலர் வாங்கி, அதே மூக்கடைத்த குரலைக் கொண்டுவந்தாய். சரி. ஆனால் பழைய பெட்டி “ஏங்க” என்றுதான் கூப்பிட்டது. நீ ஏன் “கொளஞ்சி” என்று வைத்தாய்? “பேருன்னாதாம்பா தெளிவா கேக்கும்” என்றாய். புருஷன் பேரை அவள் என்றைக்குச் சொன்னாள்? அவளை ஒரு வார்த்தை கேட்டாயா?

இன்றைக்கே மாற்று. மாற்றிவிட்டேன் என்று வாயால் சொன்னால் நம்பமாட்டேன், வந்து அமுக்கிப் பார்ப்பேன்.

அப்பா

பி.கு.: அவள் என் பேர் சொன்னால் எனக்கு ஒன்றுமில்லை. “அமுக்குடி, ஒண்ணும் ஆவாது” என்று நானே சொன்னேன். கேட்கவில்லை, பட்டன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். நீ அதைப் பிய்க்காதே. மாற்றிக் கொடு, அவளே பிரிப்பாள்.